மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்குமா? இனிப்பு நீர் புதிதாகக் கண்டவர்கள் அறிய வேண்டியவை

சுகாதார அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதைக் கடந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். மற்ற எல்லா இனங்களையும்விட இதுவே அதிகம். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்தது என்றாலும், நோய் உள்ளவர்களில் ஐவரில் இருவருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை.

தெரிந்துகொண்டவர்களின் கதை வேறு மாதிரி. ஜோர்ஜ்டவுனில் ஜாலான் பேராக் சுகாதாரக் கிளினிக்கிலோ, பண்டார் பாரு ஆயர் ஈத்தாமிலோ, பாலம் தாண்டி நிபோங் திபாலிலோ ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு வெளியே வருபவரின் கையில் பெரும்பாலும் மெட்ஃபோர்மின் என்ற வெள்ளை மாத்திரை இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அக்கம் பக்கத்தார், உறவினர், கோயிலில் சந்தித்தவர் என ஆளுக்கொரு பேச்சு. “அதைப் போடாதீங்க அண்ணே, ஒரு தடவை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது. கடைசியில கிட்னிதான் போகும்.” மாத்திரை அலமாரிக்குப் போகிறது. ஆள் பாகற்காய்ச் சாற்றுக்குப் போகிறார். நான்கைந்து ஆண்டுகள் கழித்து, காலில் ஆறாத புண்ணோடு அதே கிளினிக்கிற்குத் திரும்பி வருகிறார்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் பரவியுள்ள இந்தப் பயம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை, மாத்திரையைத் தொடங்கும் முதல் சில மாதங்களில் என்ன எதிர்பார்க்கலாம் என்பதைப் பார்ப்போம்.

பழி யார் மீது?

மலேசியாவில் ஆண்டுதோறும் புதிதாக ரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு மூல காரணம் இனிப்பு நீர். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் உறவினரைப் பார்க்காத குடும்பம் நம்மிடையே குறைவு. அவரும் பல ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டவர்தான். “மாத்திரை சாப்பிட்டார், சிறுநீரகம் போனது” என்று இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது எளிது.

அந்த முடிச்சை இன்னும் இறுக்கும் காரணம் ஒன்று உண்டு. மெட்ஃபோர்மின் உடலில் உருமாறாமல் அப்படியே சிறுநீர் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்துவிட்டால் மருந்து உடலில் தேங்கும். அதனால் வடிகட்டும் திறனைக் காட்டும் எண் 45க்குக் கீழே போனால் மருத்துவர் அளவைக் குறைக்கிறார்; 30க்குக் கீழே போனால் அடியோடு நிறுத்துகிறார். “உங்கள் கிட்னி பலவீனமாகிவிட்டது, இனி இந்த மாத்திரை வேண்டாம்” என்று மருத்துவர் சொல்வதை, வீட்டார் “இந்த மாத்திரையால்தான் கிட்னி பலவீனமானது” என்று கேட்டுக்கொள்கிறார்கள். மழை பெய்ததால் குடையை விரித்தவரைப் பார்த்து, குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்வது போன்றது இது.

சிறுநீரகத்தைக் கெடுப்பது ரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் ஏறி நிற்கும் சீனியும் அதோடு சேர்ந்த ரத்த அழுத்தமும். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் கிழிந்து, முதலில் புரதம் கசியத் தொடங்குகிறது. அப்போது வலி இல்லை, வீக்கம் இல்லை, சிறுநீரின் நிறமும் மாறுவதில்லை. பரிசோதனைக் கூடத்தில்தான் அது தெரியும். கால் வீங்கி மூச்சு வாங்கும் நாளில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். பதினைந்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்டும் சிறுநீரகம் கெட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்களுக்கு நோய் எப்போது தொடங்கியது, எத்தனை ஆண்டு கழித்து மருந்து தொடங்கினார்கள், சீனியும் ரத்த அழுத்தமும் எந்த அளவில் இருந்தன, எத்தனை மாதம் மருந்தை விட்டுவிட்டார்கள் என்பதையும் கேட்டால்தான் கணக்கு நேராகும்.

ஒரு செடியிலிருந்து வந்த மருந்து

மெட்ஃபோர்மின் “ரசாயனம்”, மூலிகை “இயற்கை” என்று பிரித்துப் பேசுபவர்களுக்கு ஒரு தகவல். இந்த மருந்தின் மூலமே ஒரு செடிதான். ஐரோப்பாவில் நெடுங்காலம் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட கலேகா என்ற செடியில் உள்ள குவானிடின் வகைப் பொருள் சீனியைக் குறைப்பதை அறிவியலாளர்கள் கண்டார்கள். செடியில் இருந்த வடிவத்தில் அது நஞ்சாகவும் இருந்தது. அதைத் திருத்தி உருவாக்கியதே மெட்ஃபோர்மின். ஜான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1957இல் இதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் சாப்பிட்டுவரும் மாத்திரை இது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் மிக மலிவான மருந்துகளில் ஒன்றும்கூட.

இது என்ன செய்கிறது? புதிதாக நோய் கண்டவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. “ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை. காலையில் பார்த்தால் சீனி 9. எப்படி?” அந்தச் சீனி வாயால் வந்தது அல்ல, கல்லீரலில் இருந்து வந்தது. நாம் தூங்கும்போது மூளைக்கும் இதயத்துக்கும் தேவையான சர்க்கரையைக் கல்லீரல்தான் சிறிது சிறிதாக ரத்தத்தில் விடுகிறது. போதும் என்று அதற்குச் சொல்வது இன்சுலின். இரண்டாம் வகை இனிப்பு நீரில் அந்தச் சொல் கல்லீரலின் காதில் சரியாக விழுவதில்லை. மெட்ஃபோர்மின் முதன்மையாகக் கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரை விடுவதைக் கட்டுப்படுத்துகிறது. கணையத்தைப் பிழிந்து இன்சுலின் சுரக்க வைப்பதில்லை. அதனால் இதை மட்டும் சாப்பிடுபவருக்குச் சீனி ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோவது அரிது.

சீக்கிரம் தொடங்குவதால் என்ன லாபம் என்பதற்கு வலுவான சான்று பிரிட்டனில் கிடைத்தது. 1977இல் தொடங்கி 23 மருத்துவமனைகளில், புதிதாக இனிப்பு நீர் கண்ட 5,102 பேரை வைத்து நடந்த ஆய்வு அது. அவர்களில் பத்தில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். 1998இல் வந்த முடிவின்படி, உடல் எடை கூடியவர்களில் மெட்ஃபோர்மின் சாப்பிட்டவர்களிடையே மாரடைப்பு 39 விழுக்காடு குறைவு, எல்லாக் காரணங்களாலுமான மரணம் 36 விழுக்காடு குறைவு. இதைவிட முக்கியமானது பத்து ஆண்டுகள் கழித்து 2008இல் வெளியான தொடர் ஆய்வு. ஆய்வு முடிந்த பிறகு, முதலில் தீவிரச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே சீனி அளவில் இருந்த வித்தியாசம் ஓராண்டிலேயே மறைந்துவிட்டது. ஆனாலும் தொடக்க ஆண்டுகளில் சீனியைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் தொடர்ந்து குறைவாகவே இருந்தன. முதல் சில ஆண்டுகளை உடல் மறப்பதில்லை. அலமாரியில் மாத்திரை தூங்கும் நான்கைந்து ஆண்டுகள் சும்மா கழிந்த ஆண்டுகள் அல்ல.

எண்களைப் புரிந்துகொள்வது

மலேசியாவில் வெறும் வயிற்றில் சீனி 7.0 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், எந்த நேரத்திலும் எடுத்த அளவு 11.1 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்பு நீர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.3 விழுக்காடும் அதற்கு மேலும். பல நாடுகளில் இந்த எல்லை 6.5. நம் நாட்டு வழிகாட்டி சற்று முன்னதாகவே கோடு போட்டிருக்கிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக்குறைவு போன்ற அறிகுறி எதுவும் இல்லாதவர் என்றால் ஒரே பரிசோதனையை வைத்து முடிவு செய்வதில்லை. இன்னொரு நாள் மறுபடியும் எடுப்பார்கள். தலசீமியா உள்ள குடும்பத்தினர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு எச்பிஏ1சி எண் தவறான படம் காட்டக்கூடும்.

சென்னையிலோ மதுரையிலோ உள்ள உறவினர் “எனக்கு 180” என்றால் மிரள வேண்டாம். அங்கே கணக்கு மில்லிகிராமில். 18ஆல் வகுத்தால் நம் கணக்கு வரும். அவருடைய 180, இங்கே 10.

எல்லாருக்கும் முதல் நாளிலேயே மாத்திரை என்பதில்லை. எச்பிஏ1சி 6.5க்குக் கீழ் இருந்தால் உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டு மூன்று மாதம் பார்க்கச் சொல்வதுண்டு. அதற்கு மேல் 7.5ஐ நெருங்கும் வரை பொதுவாக மெட்ஃபோர்மின் மட்டும். அதையும் தாண்டினால் இரண்டு மருந்துகள் சேர்ந்து வரலாம். 10க்கு மேல், எடையும் இறங்கிக்கொண்டிருந்தால், தொடக்கத்திலேயே இன்சுலின் ஊசி. ஊசி என்றதும் “கடைசிக் கட்டம்” என்று வீடே அழத் தொடங்கிவிடுகிறது. அப்படி அல்ல. அதிகச் சீனியின் நஞ்சில் மயங்கிக் கிடக்கும் கணையத்துக்குச் சில வாரம், சில மாதம் ஓய்வு கொடுப்பதற்காகவும் இன்சுலின் தரப்படுகிறது. நிலைமை சீரானதும் பலர் மாத்திரைக்குத் திரும்புகிறார்கள்.

முதல் வாரங்களும் வயிற்றுப் போக்கும்

மாத்திரையைப் பலர் கைவிடுவதற்குச் சிறுநீரகப் பயம் ஒரு காரணம் என்றால், வயிறு இன்னொரு காரணம். குமட்டல், வயிற்று இரைச்சல், பேதி, வாயில் இரும்புச் சுவை. மெட்ஃபோர்மின் தொடங்கும் எல்லாருக்கும் வருவதில்லை; வந்தாலும் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வரிசையில் நின்று வேலை பார்ப்பவருக்கும், லோரி ஓட்டுபவருக்கும், தனியாகக் காவல் இருக்கும் பாதுகாவலருக்கும் அந்த இரண்டு வாரம் பெரும் அவஸ்தை. யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த சந்திப்பில் “ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். மருத்துவர் எண்ணைப் பார்த்து அளவை இன்னும் கூட்டுகிறார்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. குறைந்த அளவில், 500 மில்லிகிராமில் தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாகக் கூட்டுவது வழக்கம். வெறும் வயிற்றில் போடாமல், சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்த உடனேயோ போட வேண்டும். பகலில் தொல்லை என்றால் முதலில் இரவுச் சாப்பாட்டோடு மட்டும் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அப்படியும் தாங்கவில்லை என்றால், மெதுவாகக் கரையும் வகை ஒன்று இருக்கிறது. வயிற்றுக்கு அது சாது. அந்த வகையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. அதன் வெற்று ஓடு மலத்தில் வெளியாவதைப் பார்த்து மருந்து சேரவில்லை என்று சிலர் கவலைப்படுகிறார்கள். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெளியே வருவது கூடு மட்டும்தான்.

இரவு வேலை செய்பவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. “காலை, இரவு” என்பதை “முதல் பெரிய சாப்பாடு, அடுத்த பெரிய சாப்பாடு” என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடக் கூடாது.

மருந்து உறையில் எழுதியிருப்பது மலாயில். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த தோட்டத்துப் பாட்டிக்கு அது வெறும் கோடு. “செலெபாஸ் மாக்கான்” என்றால் சாப்பிட்ட பிறகு. “செபெலும் மாக்கான்” என்றால் சாப்பிடும் முன். “டுவா காலி செஹாரி” ஒரு நாளைக்கு இரு முறை. இந்த ஒரு சொல் மாறிப்போனாலே மருந்து மாறிப்போனதற்குச் சமம். பேரப்பிள்ளைகள் உறையின் மீது தமிழில் எழுதி ஒட்டிவைக்கலாம். ஐந்து நிமிட வேலை.

கூட வரும் மற்ற மாத்திரைகள்

“சீனிக்குத்தானே போனேன், ஏன் நாலு மாத்திரை?” என்ற கேள்வி நியாயமானது. நாற்பது வயதைக் கடந்த இனிப்பு நீர்க்காரர்களில் பெரும்பாலோருக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் தரப்படுகிறது. கொலஸ்ட்ரால் எண் சுமாராக இருந்தாலும் தருவார்கள், ஏனென்றால் இனிப்பு நீர்க்காரரை அதிகம் கொல்வது மாரடைப்பும் பக்கவாதமும். பெரிண்டோபிரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீரில் புரதம் கசிபவர்களுக்குச் சிறுநீரகத்தைக் காக்கவும் உதவுகிறது. சிலருக்கு அதனால் வறட்டு இருமல் வரும். இருமல் மருந்து வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை கொடுப்பார்.

சீனிக்கான இரண்டாவது மாத்திரையாக அரசாங்கக் கிளினிக்கில் அதிகம் தருவது கிளிக்லசைட். இது கணையத்தைத் தூண்டும் மருந்து. அதனால் இதற்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை: போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, வார்த்தை குழறுவது ஆகியவை சீனி தாழ்ந்துவிட்டதன் அறிகுறி. உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐ அழைக்க வேண்டும். தே ஓ கோசோங் குடித்துப் பழகிய வீட்டிலும் ஒரு டப்பா சீனி இருக்கட்டும்.

எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற புதிய வகை மாத்திரைகள் கூடுதல் சீனியைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. இதய நோயோ சிறுநீரகப் பாதிப்போ உள்ளவர்களுக்கு இவை தரப்படுவது அதிகரித்துவருகிறது. சிறுநீரகம் கெடும் வேகத்தை இவை குறைப்பது பெரிய ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று பேசும் ஊரில், சிறுநீரகத்தைக் காக்கவே சீனி மாத்திரை எழுதிக் கொடுக்கப்படுகிறது! பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வருவது இவற்றின் தொல்லை. வெட்கப்பட்டு மறைக்காமல் சொன்னால் எளிதில் தீரும்.

பாகற்காய், சென்னைப் பொட்டலம், சம்சு

பாகற்காயும் வெந்தயமும் சமையலில் சேர்வதில் தவறில்லை. மாத்திரைக்குப் பதிலாக அவை நிற்கும் என்று நினைப்பதில்தான் சிக்கல். அதைவிட ஆபத்தானவை பெயர் தெரியாத “மூலிகை” உருண்டைகளும் ஜமுக்களும். வலி தீர, சீனி இறங்க என்று விற்கப்படும் பதிவு பெறாத பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு சீனியை விண்ணுக்கு ஏற்றும். பெட்டியின் மீது “எம்ஏஎல்” என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத எதையும் வாங்காமல் இருப்பதே பாதுகாப்பு.

தமிழகம் போய் வரும்போது மாத்திரை வாங்கி வருபவர்கள் பலர். கிளைக்கோமெட் என்பதும் குளுக்கோபேஜ் என்பதும் மெட்ஃபோர்மின்தான். கிளைக்கோமெட் ஜிபி என்றால் அதில் மெட்ஃபோர்மினோடு கிளிமிபிரைடு என்ற கணையத்தைத் தூண்டும் மருந்தும் இருக்கிறது. இங்கே கிளினிக்கில் தந்த கிளிக்லசைட்டோடு அதையும் போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு மருந்து. நள்ளிரவில் சீனி தாழ்ந்து மயக்கம். கணவனும் மனைவியும் ஒரே உறையில் இருந்து பகிர்ந்துகொள்வதும் இதே வகை. ஒருவரின் சிறுநீரக எண் இன்னொருவருக்கு இருக்காது.

மது குடிப்பவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. சம்சுவோ பீரோ, அளவுக்கு மீறிக் குடிப்பவர்களின் கல்லீரலால் மெட்ஃபோர்மினோடு சேரும் அமிலத்தைச் சமாளிக்க முடியாமல் போகலாம். வெறும் வயிற்றில் குடித்துவிட்டுக் கிளிக்லசைட் போட்டவர் வீதியில் விழுந்து கிடந்தால், குடிபோதை என்று எல்லாரும் கடந்து போவார்கள். உண்மையில் அவர் சீனி தாழ்ந்து உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கலாம்.

விரதமும் காய்ச்சலும்

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் பக்தர்களும், ரமலான் நோன்பு நோற்கும் தமிழ் முஸ்லிம்களும் மருந்தை நிறுத்திவிட்டு விரதம் இருப்பது சரியல்ல. விரதத்துக்கு ஏற்ப மருந்தை மாற்றிக்கொள்ள முடியும். மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிடுபவருக்குப் பெரிய மாற்றம் தேவைப்படுவதில்லை. கிளிக்லசைட், இன்சுலின் எடுப்பவர்கள் ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே கிளினிக்கில் சொல்லி அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்தத் துளி சோதிப்பதால் நோன்பு முறியாது. தைப்பூசத்தன்று சுடும் தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்து தண்ணீர்மலை ஏறுபவர்களுக்கு இன்னொரு விஷயம்: காலில் உணர்ச்சி மங்கியவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவி, வெளிச்சத்தில் வேறொருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

கடும் வாந்தி, பேதி, காய்ச்சலில் சாப்பிடவும் குடிக்கவும் முடியாத நாளில் மெட்ஃபோர்மினையும், சிறுநீரில் சீனியை வெளியேற்றும் புதிய வகை மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்திவைக்கச் சொல்வார்கள். உடல் வறண்டால் சிறுநீரகம் தளர்ந்து மருந்து தேங்கும் என்பதே காரணம். இன்சுலினைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஸ்கேன் எடுக்கச் சாயம் ஏற்றும்போதும் மெட்ஃபோர்மின் சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசினால், கொழுப்பு, ரத்த அழுத்த மாத்திரைகளை மாற்றித் தருவார்.

ஆயுளுக்கும் இதேதானா?

எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் கண்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்டவர்கள் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்தபோது, ஓராண்டில் 46 விழுக்காட்டினர் மாத்திரை இல்லாமலே இனிப்பு நீர் எல்லைக்குக் கீழே இருந்தார்கள். எடை எவ்வளவு இறங்கியதோ அந்த அளவுக்கு வாய்ப்பும் கூடியது. அவர்கள் மாத்திரையை நிறுத்தியது மருத்துவரின் கண்காணிப்பில், மாதந்தோறும் எண்ணைப் பார்த்துக்கொண்டு. பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு அல்ல. நம்மவர்களில் பலர் பார்வைக்கு ஒல்லியாக, வயிறு மட்டும் முன்தள்ளி இருப்பவர்கள். ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 80க்கும் மேல் என்றால் குறைப்பதற்கு இடம் இருக்கிறது என்று பொருள்.

எல்லையைத் தொட்டும் தொடாமலும் இருப்பவர்களுக்குச் சென்னையில் இருந்து வந்த செய்தி ஒன்று. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இனிப்பு நீருக்கு முந்தைய நிலையில் இருந்த இந்தியர்கள் நடையையும் உணவையும் மாற்றியபோது, மூன்றாண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 28 விழுக்காடு குறைந்தது. தினம் இருமுறை 250 மில்லிகிராம் மெட்ஃபோர்மின் மட்டும் கொடுத்தபோதும் ஏறக்குறைய அதே பலன். இரண்டையும் சேர்த்தபோது கூடுதல் லாபம் வரவில்லை.

நீண்ட காலம் மெட்ஃபோர்மின் சாப்பிடுபவர்களுக்கு, முக்கியமாகச் சைவ உணவுக்காரர்களுக்கு, பி12 வைட்டமின் குறையலாம். கால் மரத்துப்போவது இனிப்பு நீரால் மட்டும் வருவதல்ல, அதனாலும் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

செலவும் சந்திப்பும்

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. மருந்தும் அதில் அடக்கம். அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் பெக்கா பி40 திட்டத்தில், பங்கேற்கும் தனியார் கிளினிக்குகளிலும்கூட இலவசமாக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். நோய் உறுதியானவருக்குத் தரப்படும் பச்சைப் புத்தகத்தை ஒவ்வொரு முறையும் கொண்டு போக வேண்டும். முதல் ஆண்டிலேயே கண்ணின் பின்புறப் படம், பாதச் சோதனை, சிறுநீரில் புரதம், சிறுநீரக வடிகட்டும் எண் ஆகிய நான்கும் எடுக்கப்பட்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும். புத்தகத்தில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் “இது எப்போது எடுப்பீர்கள்?” என்று தயங்காமல் கேட்கலாம்.

மாதாமாதம் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இரண்டு வசதிகள் உள்ளன. வேலை இடத்துக்குப் பக்கத்தில் உள்ள வேறொரு அரசாங்க மருந்தகத்தில் மருந்தை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தபாலில் வீட்டுக்கே வரவழைக்கலாம். மருந்து கொடுக்கும் முகப்பிலேயே இதைக் கேட்டுப் பதிவு செய்யலாம். மாத்திரையைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்பவர்கள், பெரிய கிளினிக்குகளிலும் பினாங்கு பொது மருத்துவமனையிலும் மருந்தாளர்கள் இனிப்பு நீர்க்காரர்களுக்கென்று நடத்தும் ஆலோசனைச் சந்திப்புக்குப் பெயர் கொடுக்கலாம். அதற்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், சென்னைப் பொட்டலமும் மூலிகைப் புட்டியும் உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது.